க்ளைமாக்ஸ் நைனா வாயை மூடிய கதை

எங்கள் காலத்தில் திருவள்ளூர் வட்டாரத்திலேயே அதிகக் கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்தவர் க்ளைமாக்ஸ் நைனாதான். போலீஸ்காரர் இல்லை, அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வாடகை நூலகத்துக்குப் போய், மர்ம நாவல்களின் கடைசி அத்தியாயத்தை மட்டும் நின்றபடியே ஓசியில் படித்துவிட்டு வருவார். "மீதியெல்லாம் படிச்சிகினு கெடந்தா வேலைக்கு யாரு போறது?" என்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நானும் அம்பத்தூரில்தான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணி நேரம் நின்று, ஓவர்டைமும் நின்று, மறுநாள் காலையில் மறுபடி ரயில். அந்த அலுப்பில் எனக்கென்று இருந்த ஒரே சுகம், யார் கொன்றது என்று தெரியாமல் அம்பத்தூர் வரை தவிப்பதுதான். அதற்கும் கேடாக, கடம்பத்தூரிலேயே ஏறிவிட்ட நைனா, திருவள்ளூரில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்.

"அந்த டாக்டர நம்பாதபா. அவன்தான் வெசம் வெச்சது."

"நைனா! இன்னும் கொலையே நடக்கல!"

"அப்டியா? செத்தது வக்கீலு."

அட்டைக்கு நியூஸ்பேப்பர் போட்டேன். நூலக முத்திரையில் இருந்த எண்ணை எட்டிப் பார்த்து, "நூத்திப் பதினாலா? தோட்டக்காரன்" என்றார். பெட்டி மாறி ஏறினேன். செவ்வாப்பேட்டையில் வண்டி நின்றதும் பிளாட்பாரத்தில் ஓடி வந்து, ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து, "அக்கா புருஷன்!" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டிக்கு ஓடினார். நைனாவையே கொன்றுவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

அந்த வருஷம் என் அண்ணன் இறந்துபோனான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர், கிரகம் என்றார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு நான் களைத்துப்போனேன்.

பதினாறு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வேலைக்குக் கிளம்பியபோது, பையில் ஒரு மர்ம நாவலை வைத்துக்கொண்டேன். அதிலாவது ஒரு சாவுக்குக் காரணம் தெரியும் என்று பட்டது.

நைனா முத்திரையைப் பார்த்தார். வாய் திறந்தது. சொல்லித் தொலையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என் தலையைப் பார்த்தார். திறந்த வாயில் ஒரு வெற்றிலையைத் திணித்துக்கொண்டார். செவ்வாப்பேட்டையில் இன்னொன்று. ஆவடி வருவதற்குள் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

எதிரே இருந்தவர் வம்புக்கு இழுத்தார். "இன்னா நைனா, இதுல யாரு கொலைகாரன்?"

"இத்த நான் படிக்கலபா."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் ரயிலில் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். நான் நினைத்தே பார்க்காத ஆள். "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். அண்ணன் போன பிறகு நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை.

நைனா என் தோளைப் பிடித்தார். "தெரிஞ்சிகினியா? ராத்திரி பூரா தூக்கமே இல்லபா எனக்கு."

அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்பத்தூர் வரும்வரை நைனா என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.