தண்ணீர்க்காரன் வைத்த முறை

துர்ஹான் சிரித்திருக்கக் கூடாது.

தண்ணீர்க் கேன் கொண்டுவந்த சாதிக் வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, காலி கேனை எடுங்க. பெரியம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரில் கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லாரும் எல்லாரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அதற்காக, அறுபது வயது துர்ஹான் அண்ணன், ஐம்பத்திரண்டு வயது மனைவி பெரிஹான் பெரியம்மாவா? அநியாயம்தான். ஆனாலும் சிரித்துத் தொலைத்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சாதிக் போனதும் பெரிஹான் கதவைச் சாத்தினாள். மெதுவாகச் சாத்தினாள். அங்கேதான் துர்ஹானின் சிரிப்பு நின்றது.

"டீ போடட்டுமா, ஐயா?"

இருபத்தெட்டு வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள். திட்டும்போதுகூட 'ஐயா' வந்ததில்லை.

"என்ன பெரிஹான், புதுசா ஐயா எல்லாம்?"

"எனக்குப் பெரியம்மா வயசாச்சே. மரியாதையா பேச வேண்டாமா?"

"அவன் ஏதோ வாய் தவறி..."

"அவன் வாய் தவறிடுச்சு, சரி. உங்க வாய்க்கு என்ன ஆச்சு, ஐயா?"

மூன்று நாள் இப்படியே ஓடியது. டீ பதமான சூடு. சூப்பில் அளவான உப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பயங்கரம். அவள் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டாலே பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை குடும்பம் சாப்பிட வருகிறது. அவர்கள் எதிரே இந்த 'ஐயா' வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

ஒரு பெட்டி பக்லாவா இனிப்போடு தண்ணீர்க் கடைக்கு ஓடினார்.

"சாதிக், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கேன் கொண்டா. அவளை அக்கான்னு கூப்பிடு. சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

சாதிக் மீசையைத் தடவினான். "அக்காதானே? கூப்பிட்டாப் போச்சு." பெட்டியை வாங்கிக்கொண்டான். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிறு. மேஜை நிறைய ஆட்கள். மணி அடித்தது. துர்ஹான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"அக்கா, கேன் வந்திருக்கு," என்றான் சாதிக் கணீரென்று.

பெரிஹானின் முகம் மலர்ந்தது. துர்ஹானுக்குப் போன உயிர் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் கேனைத் தானே தூக்கப் போனார்.

சாதிக் பதறிப் பின்வாங்கினான். பெரிஹானை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பவன் போலச் சொன்னான்:

"அக்கா, தாத்தாவை உக்காரச் சொல்லுங்க. இடுப்பு பிடிச்சுக்கப் போவுது."