உளவாளிக் காருக்கு ஆயுத பூஜை

"அடிப்பாவி! இதுக்குமா பொட்டு வச்ச?"

மாரிசாமிக்குத் தலை சுற்றியது. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டும் மனிதர். உளவாளிப் படங்களில் வரும் கார்களின் பழைய பொம்மைகள் என்றால் உயிரை விடுவார். பதினொன்று சேர்த்திருந்தார். அதில் ராசாத்தி இந்த வெள்ளிநிறக் கார்தான். பொத்தானை அமுக்கினால் கூரை திறந்து, உள்ளிருக்கும் வில்லன் பறப்பான். இப்போது அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சங்காய் வேறு!

"ஆயுத பூஜைன்னு லொறிக்கு வச்சேன், சைக்கிளுக்கு வச்சேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி பாக்கியலெட்சுமி. "காலையில பதுளை டொக்டரோட டிரைவர் ஹுமைத் வந்து பாத்தாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஞாயித்துக்கெழம டொக்டரயே கூட்டிட்டு வாராராம்."

டொக்டர் அம்பலவாணருக்கும் இதே பைத்தியம்தான். தண்ணீருக்குள் போகும் வெள்ளைக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. பத்து வருடமாக மாரிசாமி அதற்காக ஏங்கினார். காருக்குக் கார் மாற்றிக்கொள்ளலாமா என்று போன வாரம்தான் டொக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சிரிச்சானா? மானம் போச்சுடி!"

சவர்க்காரம் போட்டுக் கழுவினார். குங்குமம் கரைந்து கார் முழுக்க ரோஸ் நிறமானது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். குங்குமம் போனது, கூடவே வெள்ளியும் போனது. தொழிற்சாலைத் தகரத்துக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்டை வாங்கிவந்து இரண்டு தடவை பூசினார். கார் என்னவோ பளபளத்தது. பொத்தானை அமுக்கினால் கூரை அசையவே இல்லை. ஊசியால் நெம்பினார். கூரை கையோடு வந்தது. வில்லன் எகிறி நேரே அடுப்புக்குள் விழுந்தான்.

"போதுங்க சாமி! இன்னும் கை வச்சா சக்கரமும் மிஞ்சாது" என்று கும்பிட்டாள் பாக்கியலெட்சுமி.

ஞாயிறு வந்தது. டொக்டரும் வந்தார். கைக்குட்டையில் சுற்றிய வெள்ளைக் காரை ஆசையாகக் காட்டிவிட்டு, மாரிசாமி நீட்டியதைப் பார்த்தார்.

"ஐயோ! என்ன வேலை பாத்திட்டீர் மாரிசாமி?"

"சுத்தம் பண்ணேங்கய்யா."

டொக்டர் பெருமூச்சு விட்டார். வெள்ளைக் கார் மறுபடியும் கைக்குட்டைக்குள் போனது. மாரிசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, கூரைய ஒட்டித் தாரேங்க. பெயின்ட சொரண்டித் தாரேங்க..."

வாசலில் நின்ற ஹுமைத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாரிசாமியண்ணே, வெறும் வெள்ளிக் கார் டொக்டர்ட்ட ஏழு இருக்கு. பொட்டு வச்ச கார் ஒலகத்துலயே ஒண்ணுதான்னு சொல்லித்தானே நான் இவரக் கூட்டி வந்தேன்!"