சார்ஜ் ஒப்படைத்த விவரம்

மந்தாரக்குப்பம்,
13.10.1998

அன்புள்ள மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் அவர்களுக்கு, மாமனார் தைரியநாதன் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நலம். ஓசூரில் தாங்களும் என் மகளும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். மாமனார் மருமகனுக்குப் பணிவுடன் எழுதும் வழக்கமில்லை என்கிறாள் உங்கள் மாமியார் சவரியம்மாள். எனக்கு வேறு விதமாக எழுத வராது.

மதிப்பெண் குறைந்தால், எங்களிடம் இருந்து படிக்கும் நான்சியை ஹாஸ்டல் பள்ளிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் குறைந்துவிட்டது. பழி பேத்தியுடையது அல்ல, என்னுடையது. சுரங்க கன்ட்ரோல் ரூமில் காலம் தள்ளிய பழக்கத்தில், எப்போது படிப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பது வரை அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அட்டவணை எனக்கு மனப்பாடம் ஆனது. அவளுக்குக் கணக்கு ஆகவில்லை. பிள்ளைகள் தங்கள் படிப்பைத் தாங்களே நடத்த வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னார். அதையும் முறைப்படியே செய்தேன். ஷிப்ட் மாறும்போது செய்வதுபோல் எதிரே நின்று, "இன்னையிலேருந்து உன் படிப்புக்கு நீயே சார்ஜ்" என்று ஒப்படைத்தேன். "எடுத்துக்கிட்டேன் தாத்தா" என்றாள். அப்போதிலிருந்து பழைய அட்டவணையை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் வேலையாக ட்யூஷனை நிறுத்தினாள். "அங்க சார் போடுறாரு, நான் பாத்து எழுதிக்கினே இருக்கேன். எனக்கு எங்க தப்பு வருதுன்னே தெரியல தாத்தா" என்றாள். இப்போது, பரீட்சையில் தப்பவிட்ட கணக்குகளை மட்டும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு போடுகிறாள். தப்பு வந்தால் சிரிக்கிறாள். தப்புக்குச் சிரிப்பவர்களை நான் கன்ட்ரோல் ரூமில் கண்டதில்லை. எட்டிப் பார்க்கலாமே என்று, ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் ஜன்னலோரம் நின்றேன்.

"தாத்தா, மழை பெய்யுது" என்றாள்.

"பெய்யட்டும்டி, அவரு கடமைய அவரு பாக்குறாரு" என்றாள் சவரியம்மாள்.

நான்சி விடவில்லை. "சார்ஜ் குடுத்துட்டு வூட்டுக்குப் போவாம, அடுத்த ஷிப்ட்டுல நின்னுகினு எட்டிப் பாத்தா உங்க மைன்ஸ்ல ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்னை விரட்டியே இருக்கிறார்கள்.

ஆகவே, ஒப்படைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருக்கும் இந்த முறை என் போன்ற கோழைக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை அழைத்துப்போய் ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இங்ஙனம்,
பெயரளவில் தைரியமுள்ள
தைரியநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் நான்சி நோட்டை நீட்டி, "தப்பு எங்கன்னு சொல்லாதீங்க தாத்தா, சும்மா பக்கத்துல நில்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவும் தெரியாது. நின்றேன். மைனஸை விட்ட இடத்தை அவளே பிடித்து, வீடே அதிரக் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் ஹாஸ்டல் பேச்சை ஓசூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேலே எழுதியதை அடிக்கவில்லை, கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. இதைச் சவரியம்மாளைக்கூடக் கேட்காமல் நானே எழுதினேன்.