திங்கட்கிழமைப் பன்றிகள்

“இந்த முறையும் உங்களுடையது மட்டும்தான், திரு. லோறன்ஸ்” என்றார் தொலைபேசியில் லூக்காஸ். அவர் சவக்காலைத் தோட்டக்காரர். கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவர்.

ஹம்பேர்க்கின் தெற்கே, காடு தொடங்கும் இடத்தில் இருந்த அந்தச் சவக்காலையில் நானூறு கல்லறைகள். காட்டுப்பன்றிகள் இரண்டு திங்கட்கிழமைகளாக வந்து ஒரே ஒரு கல்லறையைத்தான் கிண்டியிருந்தன. அது லோறன்ஸின் மனைவி அன்ரனிற்றாவின் கல்லறை.

லோறன்ஸ் போய்ப் பார்த்தார். ரோசாச் செடி வேரோடு மல்லாந்து கிடந்தது. சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், ஈர மண்ணில் முழங்காலிட்டுக் கையாலேயே மண்ணை நிரவினார்.

அன்ரனிற்றாவின் ஆண்டுத் திருப்பலிக்கு இன்னும் பத்தொன்பது நாள். அவள் இறந்து ஓராண்டு நிறைவதை ஒட்டிய சனிக்கிழமை அது. அதற்கு ரொறொன்ரோவிலிருந்து அன்ரனிற்றாவின் அக்கா புஷ்பராணி வருகிறார். அவர் இந்தக் குழியைப் பார்த்தால் வாயால் எதுவும் சொல்லமாட்டார். திரும்பிப் போய் மூன்று கண்டங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுவார்: உயிரோடு இருக்கும்போதுதான் பார்க்கவில்லை என்றால், செத்த பிறகும் ஒரு பன்றியிடமிருந்து அவளைக் காப்பாற்ற அந்த மனிதனால் முடியவில்லை.

லோறன்ஸ் அப்படிச் சொல்லப்படக்கூடிய குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. மன்னாரில் அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. அதை அவரே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். தகப்பனார் துவக்குக்காரச் சந்தியாப்பிள்ளை. இரட்டைக்குழல் துவக்கைத் தோளில் சாய்த்து, ஒரு காலைக் கதிரையில் வைத்து அவர் நிற்கும் படம், லோறன்ஸின் வீட்டுச் சுவரில் இருதய ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் நடுவே தொங்கியது. அதன் சிறு பிரதி ஒன்று அவருடைய பணப்பையிலும் இருந்தது.

அந்தப் படத்தால் ஒரு பகையும் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன், மகள் நடாலி முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்தில், அன்ரனிற்றாவின் தம்பி கொட்வின் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அத்தான், இது ஸ்ரூடியோக்காரன்ரை துவக்கெல்லே. என்ரை சித்தப்பாவும் இதோடைதான் படம் எடுத்தவர்” என்றார். சபை சிரித்தது. அன்றோடு பேச்சு முடிந்தது.

கொட்வின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருந்து லொறி ஓட்டுகிறார். அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு அவர் வந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் காரச் சம்பலும் கொண்டுவந்து கல்லறையில் வைத்தார். லோறன்ஸ் எல்லோரும் பார்க்க அந்தத் தட்டை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். “எங்கட குடும்பத்திலை சவக்காலையிலை சாப்பாடு வைக்கிற வழக்கம் இல்லை” என்று பொதுவாகச் சொன்னார். கொட்வினிடம் நேரே பேச முடியாது அல்லவா.

இப்போது பன்றிகளுக்கு என்ன செய்வது? லோறன்ஸ் புது ரோசா நட்டு, அதைச் சுற்றிப் பச்சைக் கம்பி வலை அடித்தார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பூசை முடிந்து பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெயச்சந்திரனின் கடைக்குப் போனார். ஞாயிறு தோறும் அங்கே எண்ணெயில் பொரித்த மீன் ரோல்ஸ் இரண்டு வாங்குவார். ஒன்றை ரயில் மேடையில் நின்றபடி சாப்பிடுவார். மற்றதைத் தாளில் சுற்றி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு சவக்காலைக்கு ரயில் ஏறுவார். அங்கே அரைமணி நேரம் இருப்பார். அந்த அரைமணி நேரம் அவருக்கும் ஆண்டவருக்கும் அன்ரனிற்றாவுக்கும் உரியது.

அன்று நான்கு ரோல்ஸ் கேட்டார்.

“என்ன அண்ணை, விருந்தாக்களோ?” என்றார் ஜெயச்சந்திரன்.

“அப்பிடித்தான் வையுங்கோ.”

திங்கள் காலை லூக்காஸ் மறுபடி அழைத்தார். இந்த முறை மூன்று பன்றிகள், குட்டிகளோடு. கம்பி வலையைப் பிடுங்கி இழுத்துப்போய்ப் பக்கத்தில் துயில்கொள்ளும் ஒரு கப்பல் தலைவரின் கல்லறைமேல் போட்டிருந்தன. கப்பல் தலைவரின் குடும்பம் எழுத்தில் முறைப்பாடு செய்யப்போகிறதாம். இன்னும் பன்னிரண்டு நாள்.

வேலிக்கு அடங்காத மிருகத்துக்கு என்ன மருந்து என்று சந்தியாப்பிள்ளையின் மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றே கோட்டு அணிந்து வேட்டைச் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரர் எமில் வெள்ளை மீசை வைத்த பொறுமைசாலி. பன்றிக்குத் துவக்கு வேண்டும் என்றதும், அனுபவம் உண்டா என்று கேட்டார். பரம்பரை என்றார் லோறன்ஸ். எமில் மரியாதையோடு மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஒற்றைக்குழல் ரைபிள். ஒன்று இரட்டைக்குழல். மற்றது மேலே சன்னம் என்ற சிறு ஈயக் குண்டுகள், கீழே தோட்டா என்று இரண்டும் போடக்கூடியது. எண்பது கிலோப் பன்றி சும்மா நிற்கும்போது ஆபத்தில்லை, காயம்பட்ட பன்றிதான் ஆளைக் கிழிக்கும், ஆகவே சிறிய தோட்டா கூடவே கூடாது, ஒன்பது மில்லிமீற்றருக்கு மேலே போங்கள் என்று விளக்கினார்.

லோறன்ஸ் மூன்றையும் சந்தையில் மீன் பார்ப்பதுபோல் அழுத்தியும் தட்டியும் பார்த்தார். கனமானதைத் தூக்கித் தோளில் வைத்தார். எமில் குழலை இரண்டு விரலால் மெல்லத் தன் நெஞ்சிலிருந்து விலக்கிவிட்டார்.

“அப்பாவிடம் இருந்தது இது மாதிரி” என்று லோறன்ஸ் பணப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

எமில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அழகான படம். ஆனால் இந்தத் துவக்கில் விசை இல்லை. குழலில் ஓட்டையும் இல்லை. இது மரம்.”

“படம் மங்கிப்போய்விட்டது” என்று லோறன்ஸ் அதை வாங்கிப் பணப்பையில் வைத்தார். கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கடையில் குளிர் அதிகம்.

பிறகு எமில் மிச்சத்தைச் சொன்னார். இதில் எதை வாங்கவும் வேட்டை அனுமதிப் பத்திரம் வேண்டும். மாதக்கணக்கில் படிப்பு. பரீட்சையில் முயலுக்கு வரும் நோய்கள்வரை கேட்பார்கள். எல்லாம் சித்தியடைந்தாலும் சவக்காலைக்குள் சுட முடியாது. அனுமதியில்லாமல் வாங்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது: வெற்று வெடி வெடிக்கும் கைத்துப்பாக்கி. சத்தம் மட்டும் போடும்.

சத்தம் மட்டும் போடுவது. கொட்வின் இதைக் கேட்டால் என்ன சொல்லுவார் என்று லோறன்ஸுக்குத் தெரியும். இருந்தும் வாங்கினார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாட அதற்கும் ஒரு சிறிய அனுமதி வேண்டும், அது வரும்வரை வெறுமையாக்கிப் பூட்டிய பெட்டிக்குள்தான் கொண்டுபோகலாம் என்று எமில் இரண்டு தடவை சொன்னார்.

பொலிஸ் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய பெண் அதிகாரி, காரணம் என்ற இடத்தில் ‘மனைவியைப் பாதுகாக்க’ என்று இருந்ததைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உங்கள் மனைவியை யார் தொந்தரவு செய்கிறார்கள்?”

“ஒரு கூட்டம். விடியப்புறம் வருகிறார்கள். குட்டிகளையும் கூட்டிக்கொண்டு.”

“மனைவி இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாரா?”

லோறன்ஸ் யோசித்தார். “அப்படித்தான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.”

விடயம் விளங்கியதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு முத்திரை குத்தினார். அனுமதி கிடைக்க எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், ஆகும் என்றார்.

அன்று பின்னேரம், அவர் அனுப்பிய துவக்குச் செய்தியைப் பார்த்து நடாலி தொலைபேசியில் வந்தாள். பக்கத்து நகரத்தில் பல் வைத்தியராக இருக்கிறாள்.

“அப்பா, சவக்காலைக்குத் துவக்கோ? ஆராவது கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“துவக்குக்காரச் சந்தியாப்பிள்ளையின்ரை பேத்தி எண்டு சொல்லு.”

“அம்மா இருந்தால் சிரிப்பா.”

லோறன்ஸ் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அன்ரனிற்றா ஒரேயொரு சாமான்தான் வாய்விட்டுக் கேட்டாள். எண்ணெய்ப் பலகாரம் ஆகுமோ என்று டொக்டரைக் கேட்காமல் தரமுடியாது என்று லோறன்ஸ் சொன்னார். டொக்டர் திங்கட்கிழமைதான் வருவார். ஒழுங்கு ஒழுங்குதான். அவள் ஞாயிறு பின்னேரம் போய்விட்டாள்.

“சாப்பிட்டீங்களே, அப்பா?” என்றாள் நடாலி.

“ஓம். போனை வை.”

பன்றிகள் எப்போதும் ஏன் திங்களே வருகின்றன என்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. பன்றியும் இங்கே பிறந்து வளர்ந்ததுதானே. ஆகவே காவல் திங்கள் விடியப்புறம் என்று முடிவு செய்தார். கல்லறைக் காணி இருபது வருடத்துக்கு அவர் பெயரில் எழுதப்பட்டது. சொந்தக் காணியில் நின்று சத்தம் போட ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

முதல்நாள் ஞாயிறு ஜெயச்சந்திரனிடம் எட்டு ரோல்ஸ் வாங்கினார். நித்திரை குழப்பப்பட்டவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று அவர் மனதில் இருந்தது. ஜெயச்சந்திரன் இந்த முறை பெரிய பையை எடுத்தார்.

திங்கள். இன்னும் ஐந்து நாள். வாயிற்கதவு திறந்த உடனேயே லோறன்ஸ் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து உள்ளே போனார். மரங்களுக்கிடையில் பனிப்புகார் ஈரச் சீலைபோல் தொங்கியது. கப்பல் தலைவரின் கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டி வரவில்லை. முதலில் மூச்சுச் சத்தம். பிறகு புகாரிலிருந்து ஒரு கறுத்த முதுகு, அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து. பெரியது எமில் சொன்ன எண்பது கிலோவைத் தாண்டும். அது எந்தக் கல்லறையையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற ஆள்போல் நேரே அன்ரனிற்றாவிடம் வந்து மூக்கை மண்ணில் இறக்கியது.

லோறன்ஸ் பெட்டியை எடுத்தார். சட்டப்படி பூட்டியிருந்தது. பூட்டின் திறப்பு சட்டைப் பையில் இல்லை, கோட்டுப் பையிலும் இல்லை. அது வீட்டில், அந்தோனியார் சுருவச் சிலையின் அடியில், தான் பத்திரமாக வைத்த இடத்தில் இருந்தது.

அவர் பெட்டியையே எறிந்தார். அது பெரிய பன்றியின் முதுகில் பட்டு விழுந்தது. பன்றி தலையை உயர்த்தி அவரைப் பார்த்தது. பிறகு இரண்டு அடி முன்னால் வந்தது. துவக்குக்காரச் சந்தியாப்பிள்ளையின் மகன், அறுபத்தாறு வயதில், கப்பல் தலைவரின் கல்லின்மேல் ஏறினார். அவர் கல்லைக் கட்டிப்பிடித்தபடி இருக்க, கீழே அவருடைய மனைவியின் கல்லறையை ஆறு பன்றிகளும் நிதானமாகக் கிண்டி முடித்தன.

லூக்காஸின் சிறிய உழவு இயந்திரம் இரைந்துகொண்டு வந்தபோதுதான் அவை காட்டுக்குள் போயின. லூக்காஸ் கையைக் கொடுத்து அவரை இறக்கினார். பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

“நானூறு பேர் படுத்திருக்கிறார்கள்” என்றார் லோறன்ஸ். “ஏன் இவள் மட்டும்? யாரோ இங்கே எதையோ வைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.”

லூக்காஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். சொல்லவேண்டாம் என்று ஒருவர் கேட்டிருந்தார், ஆனாலும் இனி மறைக்க முடியாது என்றார். வியாழக்கிழமை தோறும் அவர் வருகிறார். துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டுவருகிறவர். லொறியை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் அவித்த கிழங்கும் சிவப்பாக ஏதோ காரமும் கொண்டுவந்து கல்லறையில் வைத்துச் செபம் சொல்லுவார்.

லோறன்ஸின் முதுகு நிமிர்ந்தது. பல கிழமைகளுக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மரவள்ளி. பன்றிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தடுத்தும் கேட்காமல், ஒளித்து வந்து, சொந்த அக்காவின் கல்லறையைப் பன்றிக்குக் காட்டிக்கொடுத்தவன் கொட்வின். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியை எடுத்தார். ரொறொன்ரோவில் அப்போது என்ன நேரம் என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. புஷ்பராணி அக்காவின் இலக்கத்தை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது.

“யாரை அழைக்கிறீர்கள்?” என்றார் லூக்காஸ்.

“குற்றவாளி யார் என்று குடும்பத்துக்குத் தெரியவேண்டும்.”

லூக்காஸ் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“வியாழக்கிழமைக் கிழங்கை அவர் செபம் முடிந்ததும் என்னிடம் தந்துவிடுவார், ஐயா, ஒரு துண்டு மிச்சமில்லாமல் நான்தான் சாப்பிடுகிறேன், பன்றிகள் கிண்டுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அழுதுகொண்டே புதைத்துவிட்டுப் போகிற மீன் ரோல்ஸை.”