மதிப்பீட்டுக்குப் போன ராஜினாமா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், அவர், அவர் ஆராயும் மண்புழுக்கள் எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"ஆய்விதழுக்கு ஆசிரியர்னா சும்மாவா? மாப்பிள்ளைக்கு எவ்வளவு தர்றாங்க?" என்று போனில் கேட்டீர்கள். விசாரித்தேன். தலைமை ஆசிரியர்கள் சிலருக்கு ஏதோ மதிப்பூதியம் உண்டாம், பலருக்கு ஒன்றுமே கிடையாதாம். இவர் எந்த வகை என்று நான் சொல்லவேண்டுமா? இவர் சும்மா திருத்திக் கொடுப்பதை இதழை வெளியிடும் நிறுவனம் அச்சிட்டு, இவருடைய பல்கலைக்கழக நூலகத்துக்கே விற்கிறது. இவருக்கு வருவது வருஷக் கடைசியில் ஒரு வாழ்த்து அட்டை, அதிலும் பெயர் தப்பு. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அண்ணா. யாரோ முகம் தெரியாத மாணவியின் கட்டுரையை நிராகரிக்கக்கூட நாலு பக்கம் எழுதுகிறார், எந்த அட்டவணை தவறு, அடுத்து எந்த மண்ணில் பார்க்கலாம் என்று. வேண்டாம் என்று சொல்ல இத்தனை அக்கறைப்படுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காகக் கண் மருத்துவர் சொன்னதை மறக்க முடியுமா? "இப்படியே படிச்சா பார்வை போயிடும், சார்" என்றார். "இந்த மாசத்தோட விட்டுடுங்க" என்றேன். உடனே உட்கார்ந்து ராஜினாமா எழுதினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் "அனுப்பிட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்கேன்."

"ரெண்டு பேரா? யாரு?"

"கட்டுரைகளைப் படிச்சுப் போடலாமா வேண்டாமான்னு சொல்ற மதிப்பீட்டாளர்கள்தான். என் பேரை எடுத்துட்டேன். எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதில்ல?"

பதிலும் வந்துவிட்டது. முதலாமவர், "முடிவுக்குப் போதிய சான்று இல்லை, மனைவியின் கருத்து மட்டுமே ஆதாரம்" என்கிறார். இரண்டாமவர், "காரணங்கள் வலுவானவை, அவசியம் வெளியிடலாம்" என்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லையாம், அதனால் மூன்றாவது ஆள் தேடுகிறார். "ராஜினாமா பண்ண எதுக்குங்க மூணு பேரு?" என்றால், "அதுதானே முறை" என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். நீங்களாவது போனில் ஒரு சத்தம் போடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. எல்லோரும் சுகமாக இருங்கள்.

அன்புத் தங்கை

பி.கு.: சத்தம் போட வேண்டாம். மூன்றாவது ஆளாக என்னைத்தான் கேட்டார். ராஜினாமாவை நிராகரித்துவிட்டேன், நாலு பக்கம் எழுதி. இனி கட்டுரைகளை நான் உரக்கப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கும் சம்பளம் கிடையாது.