ஆர்விட் விமானம் ஏற மறுத்த குளிர்காலம்

"இனிமே நான் விமானத்துல கால் வைக்கமாட்டேன். பூமி கொதிக்குது" என்று அறிவித்தான் ஆர்விட் டோலஃப்சன்.

மனைவி டார்லா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

பூமி கொதிப்பது உண்மைதான். மினசோட்டாவில் அவன் வீட்டெதிரே கிடக்கும் ஏரி முன்பெல்லாம் நவம்பரிலேயே கல்லாக உறைந்துவிடும். இப்போது கிறிஸ்துமஸ் நெருங்கினால்தான் ஆள் நிற்கத் தாங்குகிறது. சரியாக அந்த வாரம் பார்த்து டார்லா அவனை அரிசோனாவுக்கு, தன் அம்மா பெர்னிஸிடம் விமானத்தில் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பனிக்கட்டியில் துளை போட்டு, மேலே தகரக் குடிசையை நிறுத்தி, அடுப்பு மூட்டி, வாயே திறக்காமல் தூண்டிலோடு உட்காரும் சுகம் வருஷா வருஷம் பறிபோனது. இந்த வருஷம் விடுவதாக இல்லை. ஓட்டை டிராக்டர்களை வாங்கி விற்றே முன்னுக்கு வந்தவன். பேரத்தில் தன்னை எவனும் அசைக்க முடியாது என்பது அவன் கட்சி.

"ஏரி ஏன் உறையமாட்டேங்குது? எல்லாம் ப்ளேன் விடுற புகை."

"சரி."

"என்ன சரி?"

"நீ சொல்றது சரின்னேன். போகவேணாம்."

ஆர்விட்டுக்குச் சந்தேகம் தட்டியது. சொன்ன விலைக்கே ஒருத்தன் டிராக்டரை எடுத்தால், அதில் தான் கவனிக்காத எதையோ அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

"அம்மா இங்க வரட்டும். ரயில்ல" என்றாள் டார்லா.

"வந்து? எத்தனை நாள்?"

"திரும்பிப் போனா அதுவும் ஒரு பயணம்தானே? புகைதானே? இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? ஒரு வாரமா?"

"அங்க ஒத்தை ஆளுக்கு முழு வீடு. வருஷம் பூரா ஏசி ஓடுது. பூமி தாங்குமா, நீயே சொல்லு."

"ரெண்டு வாரம். அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"அந்தத் தோலைக் குப்பையில போடாத. உரமாகும்" என்று கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள் டார்லா.

பெர்னிஸ் பெட்டி பெட்டியாகச் சாமானோடு வந்து இறங்கினாள். ஆர்விட் ஹாக்கி பார்க்கும் அறை அவளுக்குப் போனது. விடிந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"மாப்பிள்ளை, பல்லு தேய்க்கிறப்ப குழாயை மூடு."

"மாப்பிள்ளை, ஆளில்லாத ரூம்ல யாருக்கு விளக்கு?"

"மாப்பிள்ளை, ஹீட்டரைக் குறைச்சுட்டேன். ஸ்வெட்டர் போட்டுக்கோ."

திட்டவும் வழியில்லை. பூமியை வீட்டுக்குள் கூட்டிவந்தவன் அவன்தான்.

ஒருவழியாக ஏரி உறைந்தது. ஆர்விட் வாசலில் வண்டி எஞ்சினைச் சூடேற ஓடவிட்டுவிட்டு, தூண்டிலை எடுக்க உள்ளே வந்தான்.

"ஏரிக்கா? தனியாவா?" என்றாள் டார்லா.

"தனியாத்தான். அதுக்குத்தானே போறேன்."

"குடிசையில அடுப்பு எரியுமில்ல?"

"எரியாம? விறைச்சுச் சாகச் சொல்றியா?"

"ஒரு ஆளுக்கு ஒரு அடுப்பா, ஆர்விட்?"

பேரம் பேசிப் பழுத்தவன் தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டான்.

டார்லா காபியும் புத்தகமுமாக ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. "பொழுது சாயுறவரைக்கும் அவசரமே இல்ல. மெதுவா வாங்க ரெண்டு பேரும்."

வெளியே வண்டிச் சத்தம் நின்றிருந்தது. முன்சீட்டில் பெர்னிஸ். மடியில் பிளாஸ்க், கையில் சாவி.

"வண்டியைச் சும்மா ஓடவிட்டிருந்தே, மாப்பிள்ளை. அணைச்சுட்டேன். ஏறு, பேசிக்கிட்டே மீன் பிடிக்கலாம்."