மூன்று கம்பி

கீழே இருந்து மாமனார் தட்டி அனுப்பியது, மாடியில் மாப்பிள்ளையின் திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்து விழுந்தது.

"கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டா என்ன, மாப்பிள்ளை?" என்றார் மாடிக்கு வந்து எட்டிப்பார்த்த மாமியார்.

"எதுக்கு அத்தை? ரெண்டும் லினக்ஸ். நடுவுல மூணு கம்பி. போக ஒண்ணு, வர ஒண்ணு, பொதுவா ஒண்ணு. அவ்வளவுதான்."

மாமனார் பதினோரு வருஷமாக எழுதிய பாலங்கள் பற்றிய புத்தகம் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நெட் கிடையாது, பென்டிரைவும் ஏறாது. கம்பி செருக பின்பக்கத்தில் இருந்த பழைய சீரியல் போர்ட் ஒன்றுதான் கதி. நாளைக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். 'நான் எடுத்துத் தரேன்' என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவர் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர் பேருக்கு இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

கீழே ஓடி, எழுத்து அனுப்பும் வேகத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்தார். மேலே வந்து பார்த்தால் இப்போது எழுத்து புரிந்தது, ஆனால் பாதிதான் வந்தது. பிளக்கைப் பிரித்துக் கம்பிகளை ஈயத்தால் மறுபடி பற்ற வைத்தார். அதற்குப் பிறகு பாதியும் வரவில்லை.

மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அவருடைய காது மெஷின் உடைந்து மூன்று நாளாகிறது. பெருக்கும்போது மாமியார்தான் மிதித்துவிட்டார் என்று முடிவுகட்டி, மனைவியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். 'ஏதாவது வந்தா பதில் தட்டுங்க' என்று மாப்பிள்ளை காகிதத்தில் எழுதிக் கொடுத்ததுதான் அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை 'ஹலோ' என்று தட்டினார். பதில் இல்லை. போதாததற்கு, கீழே போய்த் திரும்பி வந்து தன் திரையில் தெரியவேண்டிய, தான் தட்டிய எழுத்தே தெரியவில்லை. 'மாமா, இருக்கீங்களா?' அதுவும் போன இடம் தெரியவில்லை.

சரி, லைன் செத்துவிட்டது. செத்த லைனில் எதைத் தட்டினால் என்ன? எரிச்சலில் விரல் தானாக ஓடியது.

'பாலத்தைப் பத்தி யார் மாமா படிப்பா? எனக்கு முதல் பக்கத்துலயே தூக்கம் வந்துடுச்சு.'

மனசு லேசானது. இன்னும் கொஞ்சம் லேசாக்கிக்கொண்டார்.

'உங்க காது மெஷினை மிதிச்சது நான். கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டதும் நான். பாவம் அத்தை.'

பிளக்கை மறுபடி பிரித்துப் பார்த்தார். வருகிற கம்பி மட்டும் விட்டுப்போயிருந்தது. போகிற கம்பி கச்சிதமாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமியார் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, நீங்க அனுப்பினதை ஒரு எழுத்து விடாம படிச்சோம் மாப்பிள்ளை. காது மெஷின் கடைக்கு எப்போ கிளம்பலாம்னு மாமா அஞ்சு தடவை தட்டிட்டாராம், உங்ககிட்ட இருந்துதான் பதிலே இல்லையாம்."